பழைய உலோகங்காட்டியும் பழகிய செவியும்

பள்ளி ஆய்வுக்கூட அலமாரியின் அடித்தட்டிலோ, குடிநீர் வழங்கும் பிரிவின் பண்டகசாலையிலோ, நீண்ட கைப்பிடியும் அதன் அடியில் தட்டுப் போன்ற வளையமும் கொண்ட பழைய கருவியொன்று சில வேளைகளில் கிடைப்பதுண்டு. மக்கள் வழக்கில் அது மெட்டல் டிடெக்டர். தமிழில் உலோகங்காட்டி எனலாம். அதனைக் கண்டெடுத்தவர் பாட்டரியை இட்டு, முற்றத்தில் ஐந்து நிமிடம் நடந்து பார்ப்பார். எங்கு வைத்தாலும் ஒலிக்கிறது என்றோ, எங்குமே ஒலிக்கவில்லை என்றோ கூறி மீண்டும் அலமாரியில் வைத்துவிடுவார். கருவி பழுது என்ற பெயர் அன்றே அதற்கு நிலைத்துவிடும். இவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றுள் நல்ல நிலையில் உள்ளவையும் இருக்கக்கூடும்.

இக்காலத்துக் கருவிகள் எண்களைத் திரையில் காட்டுகின்றன. மண்ணின் தன்மைக்கேற்பத் தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன. 1960களிலும் 1970களிலும் செய்யப்பட்ட எளிய கருவிகளில் அத்தகைய வசதி ஏதுமில்லை. அவை தருவது ஒலி ஒன்றே. சுருளுக்கு அண்மையில் மின்சாரத்தைக் கடத்தும் பொருளோ, காந்தத் தன்மை வாய்ந்த பொருளோ இருக்கிறது என்பதற்கு மேல் அவ்வொலி எதையும் கூறுவதில்லை. பொருள் யாது, எவ்வளவு ஆழத்தில் உள்ளது, அதனைத் தோண்டலாமா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண்பது கருவியைப் பிடித்திருப்பவர் பொறுப்பு. ஆதலின், இன்ன பொருள் இன்ன ஆழத்தில் இவ்வாறு ஒலிக்கும் என்பதை அறிந்த பொருள்களைக் கொண்டு முதலில் செவிக்குப் பழக்க வேண்டும். அறியாத நிலத்தில் தேடப் புறப்படுவது அதன் பின்னரே.

ஒலி பிறக்கும் விதம்

பழைய கருவிகளுள் மிக எளியது விம்மல் முறையில் இயங்குவது. தம்புராவின் தந்திகளுக்குச் சுருதி சேர்ப்பவர்கள், இரு தந்திகள் ஏறக்குறைய ஒன்றியும் முற்றும் ஒன்றாத நிலையில் ஒலி விம்மி விம்மி எழுவதைக் கேட்டிருப்பர். இரு அதிர்வெண்களுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவோ, நொடிக்கு அத்தனை விம்மல்கள் எழும். உலோகங்காட்டியினுள்ளும் இவ்வாறே இரண்டு அலையியற்றிகள் உள்ளன. ஒன்றின் அதிர்வெண் நிலையானது. மற்றொன்றின் அதிர்வெண் கைப்பிடியின் அடியிலுள்ள தேடு சுருளைப் பொறுத்தது. முதலாவது நொடிக்கு 1,00,000 முறையும், இரண்டாவது 1,00,030 முறையும் அதிர்வதாகக் கொள்வோம். இவ்விரண்டில் எதுவும் மனிதர் செவிக்கு எட்டாது. ஆயினும் அவற்றின் வேறுபாடாகிய 30 ஹெர்ட்ஸ் ஹெட்போனில் தாழ்ந்த உறுமலாகக் கேட்கும்.

சுருளின் அருகே செப்பு நாணயம் ஒன்றைக் கொண்டுவந்தால், மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப் புலம் அந்நாணயத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. அவை தம்மை எழுப்பிய புலத்தையே எதிர்க்கின்றன. அதனால் சுருளின் தன்மின் தூண்டல் சற்றே குறைந்து, அதிர்வெண் உயர்கிறது. இரும்பு ஆணியோ காந்தப் புலத்தைத் தன்பால் திரட்டிக்கொள்வதால் தூண்டல் மிகுந்து, அதிர்வெண் தாழ்கிறது. தேடு சுருளின் அதிர்வெண் மற்றதைவிடச் சற்று உயர்ந்திருக்குமாறு குமிழைத் திருப்பி வைத்தால் நாணயத்திற்கு ஒலி ஏறும், ஆணிக்கு இறங்கும். தாழ்ந்திருக்குமாறு வைத்தால் இரண்டும் தலைகீழாகும். எந்நிலையில் வைத்திருக்கிறோம் என்பதைக் கையிலுள்ள நாணயம் ஒன்றைக் காட்டி அறிந்துகொள்வது எளிது.

இவ்விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. அகன்ற இரும்புத் தகட்டிலும், நசுங்கிய தகர டப்பாவிலும், சோடாப் புட்டி மூடியிலும் சுழல் மின்னோட்டங்கள் காந்தத் தன்மையை விஞ்சிவிடக்கூடும். அப்போது இரும்பு செம்பைப் போலவே ஒலிக்கும். நம் நாட்டில் 1992ஆம் ஆண்டு முதல் வெளிவந்த சிறிய ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகினால் ஆனது. 1960களின் நடுவில் புழக்கத்திற்கு வந்த சிறு காசுகள் அலுமினியம். நயா பைசாக் காலத்து ஒரு பைசாக்களில் வெண்கலத்தாலானவை உண்டு. எனவே நாணயம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு ஒலிகள் அடங்கியுள்ளன.

உறுமல் எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும் என்பது தொடக்கத்தில் பலரும் கவனியாத செய்தி. ஆழத்திலுள்ள நாணயம் அதிர்வெண்ணை 6 ஹெர்ட்ஸ் மட்டுமே மாற்றுவதாகக் கொள்வோம். ஒலி முன்னரே 400 ஹெர்ட்ஸில் இருந்தால் அது 406 ஆகும்; பழகாத செவி இவ்வேறுபாட்டை உணராது. 30 ஹெர்ட்ஸில் இருந்தால் 36 ஆகும். ஐந்தில் ஒரு பங்கு ஏற்றம் எவர்க்கும் புலப்படும். குமிழைத் திருப்பி நல்ல இனிய நாதம் வரும் இடத்தில் நிறுத்திக்கொள்வது இயல்பான தவறு. தனித்தனித் துடிப்புகளாகக் கேட்கும் அளவுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்துவதே பயன் தருவது.

வகுப்பில் இதனை விளக்க உலோகங்காட்டியே தேவையில்லை. முள்ளைச் சுழற்றி நிலையம் பிடிக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் இரண்டு போதும். அவை பெரும்பாலும் தாம் பிடிக்கும் நிலையத்தைவிட 455 கிலோஹெர்ட்ஸ் உயர்ந்த அலையொன்றைத் தமக்குள்ளேயே இயற்றுகின்றன. ஒரு ரேடியோவில் மத்திய அலையில் 1,000 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நிலையம் ஒன்றைப் பிடித்து வைத்து, அதனருகே மற்றதை வைத்து, இரண்டாவதின் முள்ளை 455 குறைவான இடத்தை ஒட்டி மெல்ல நகர்த்த வேண்டும். முதல் ரேடியோவில் சீழ்க்கை ஒலி தோன்றி, தாழ்ந்து, மறைந்து, மீண்டும் ஏறும். பகலில் தக்க நிலையம் கிடைக்காவிடில் இரவில் தொலைவிலுள்ள நிலையங்கள் கிடைக்கும்.

இரு சுருள் கருவிகள்

மற்றொரு வகைக் கருவியில் அலை செலுத்தும் சுருள் ஒன்றும், வாங்கும் சுருள் ஒன்றும் இருக்கும். செலுத்தும் சுருளின் விளைவு வாங்கும் சுருளில் ஏறக்குறைய இன்மையாகும்படி இரண்டும் பொருத்தப்பட்டிருக்கும். உலோகம் அணுகும்போது இச்சமநிலை குலைந்து ஒலி எழும். 1879இல் டேவிட் ஹியூஸ் அமைத்த தூண்டல் தராசே இதற்கு மூலம். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கெர்ஹார்ட் ஃபிஷர் கையில் எடுத்துச் செல்லும் உலோகங்காட்டிக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். போலந்து நாட்டு இராணுவப் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி இரண்டாம் உலகப் போரின்போது ஸ்காட்லாந்தில் இருந்தவாறே கண்ணிவெடி காணும் கருவியொன்றை இரு சுருள் முறையில் அமைத்தார். ஏறத்தாழ 14 கிலோகிராம் எடையுள்ள அக்கருவி 1942ஆம் ஆண்டு எல் அலமெய்ன் போரில் பயன்பட்டது. இந்திய நான்காம் டிவிஷன் பங்குகொண்ட போர் அது.

இவ்வரலாற்றில் களப்பணியாளர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது 1881ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அவ்வாண்டு ஜூலை 2ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். உடலில் தங்கிய குண்டு எங்குள்ளது என்பதை மருத்துவர்களால் காண இயலவில்லை. எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்படுவதற்கு 14 ஆண்டுகளுக்கு முந்திய காலம் அது. தொலைபேசியை ஆக்கிய அலெக்ஸாண்டர் கிரகாம் பெல், ஹியூஸின் தராசைத் தொலைபேசியுடன் இணைத்துக் குண்டு தேடும் கருவியொன்றை விரைந்து அமைத்தார். தம் ஆய்வுக்கூடத்தில் இறைச்சியினுள் குண்டுகளை வைத்துச் சோதித்தார். உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு அவற்றை உடலிலேயே சுமந்திருந்த பழைய வீரர்கள் மீதும் சோதித்தார். கருவி நன்றாகவே வேலை செய்தது.

ஜூலை 26ஆம் நாள் நோயாளியின் அருகே கொண்டுசென்றபோது ஓயாத இரைச்சல் எழுந்தது. மின்தேக்கி ஒன்று தவறாக இணைக்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. அதனைத் திருத்தி ஆகஸ்டு 1ஆம் நாள் மீண்டும் முயன்றபோது, குறிப்பிட்ட ஓரிடத்தில் ஒலிக்காமல் அகன்ற பரப்பு முழுவதும் மெல்லிய ஒலி கேட்டது. குதிரைமயிர் மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பிகளாலான மற்றொரு மெத்தை இருந்ததைப் பெல் அதன் பின்னரே அறிந்தார். அன்றியும், குண்டு வலப்பக்கத்தில் உள்ளது என்று தலைமை மருத்துவர் முன்னரே முடிவு செய்திருந்ததால் அப்பக்கம் மட்டுமே சோதிக்கப்பட்டது. செப்டம்பர் 19ஆம் நாள் கார்ஃபீல்ட் இறந்தார். பிரேத பரிசோதனையில் குண்டு இடப்பக்கத்தில் காணப்பட்டது. சுற்றுப்புறத்தில் உள்ள இரும்பை விசாரியாமலும், பிறர் சுட்டிய இடத்தை மட்டும் பார்த்தும் தேடினால் நேர்மையான கருவியும் உதவாது போகும்.

கருவியை ஆயத்தம் செய்தல்

பழைய கருவியில் முதலில் திறந்து பார்க்க வேண்டியது பாட்டரிப் பெட்டி. பல ஆண்டுகள் உள்ளேயே கிடந்த பாட்டரி கசிந்து, தொடர்புத் தகடுகளில் வெண்மையாகவோ பசுமையாகவோ படிந்திருக்கும். உலர்ந்த பல் தூரிகையால் அதனை நீக்கி, சிறிதளவு காடி தோய்த்த துணியால் துடைத்து, பின் ஈரத்துணியால் துடைத்து உலர விடுவது போதுமானது. கசிந்தது பழைய துத்தநாக–கரி வகைப் பாட்டரியாக இருந்தால் காடிக்குப் பதில் சமையல் சோடாக் கரைசலே ஏற்றது. வாய் மூக்கை மூடிக்கொண்டு, கையுறை அணிந்து இதனைச் செய்ய வேண்டும்.

பாட்டரியை மாற்றும்போது நேர்முனை, எதிர்முனைகளைக் கருவியில் குறித்துள்ளவாறே பொருத்துக. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் உள்ள பழைய கருவிகள் பலவற்றில் நேர்முனையே பொதுத் தொடர்பாக இருக்கும்; இக்கால வழக்கத்தை நினைத்து வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் ஒரு கணத்தில் டிரான்சிஸ்டர்கள் கெடும். வால்வுகள் உள்ள இராணுவக் கருவி கிடைத்தால் அதனைக் காட்சிப் பொருளாக வைத்துக்கொள்வதே நலம். அதற்கு வேண்டிய உயர் அழுத்தப் பாட்டரி இன்று எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மாணவர் கைபடும் இடத்திற்கு அது உகந்ததன்று.

குமிழைத் திருப்பும்போது கரகரவென்ற ஒலி எழுந்தால் அதனை இருபக்கமும் இருபது முப்பது முறை திருப்பினாலே பெரும்பாலும் சீராகும். சுருளிலிருந்து மேலே செல்லும் கம்பியை ஆங்காங்கே மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும்; ஒலி விட்டு விட்டு வந்தால் உள்ளே கம்பி அற்றிருக்கிறது. சுருளின் மீது அலுமினியத் தாள் சுற்றப்பட்டு, அது ஓரிடத்தில் மட்டும் சிறிது இடைவெளியோடு விடப்பட்டிருந்தால், அவ்விடைவெளியைப் பழுதென்று கருதி மூடிவிடலாகாது. ஈரப்புல்லும் கையும் சுருளைப் பாதியாதபடி காப்பது அத்தாள். அதன் இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் முழு வளையமாகித் தானே ஓர் உலோகப் பொருளாக நின்று தேடு சுருளின் வேலையைக் கெடுத்துவிடும்.

பிறகு ஆணியில்லாத மரப்பலகை மீது கருவியை வைத்து இயக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட வேண்டும். உஷ்ணநிலை மாறும்போது அலையியற்றியின் அதிர்வெண் நகர்ந்துகொண்டே இருக்கும். நிழலிலிருந்து வெயிலுக்கு எடுத்துச் சென்றாலும் இவ்வாறே நகரும். கைக்கடிகாரம், வளையல், இடுப்புவாரின் கொக்கி, ஆணியடித்த செருப்பு, கைபேசி ஆகியவற்றை விலக்கிவைத்துவிட்டுத் தேடத் தொடங்குக.

பயிற்சிப் பாத்தி

பள்ளி வளாகத்தில் ஒரு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீளமும் உள்ள பாத்தி ஒன்றை இதற்கென ஒதுக்கலாம். முதலில் அவ்விடத்தைக் கருவியாலேயே தேடி, உள்ளே கிடக்கும் ஆணி, தகரம், பழைய லாடம் முதலியவற்றை அகற்ற வேண்டும். மாடு கட்டிய இடங்களில் லாடத் துண்டுகள் எதிர்பார்ப்பதைவிட மிகுதியாகவே கிடைக்கும். பின் அரை மீட்டருக்கு ஒன்றாகச் சிறு குழிகள் இட்டு, ஆணி, பித்தளைச் சாவி, சோடா மூடி, அலுமினியக் காசு, எஃகு ரூபாய், செப்புக் கம்பி வளையம் ஆகியவற்றை 5, 10, 15 சென்டிமீட்டர் ஆழங்களில் புதைக்க வேண்டும். ஒரு நாணயத்தைக் கிடையாகவும், அதே வகை நாணயம் ஒன்றைச் செங்குத்தாகவும் புதைத்தால், பின்னதன் ஒலி எவ்வளவு மெலிகிறது என்பது தெரியும். இரண்டு மூன்று குழிகளில் எதனையும் இடாமல் மூடுவது மிகவும் வேண்டப்படுவது. வெறுங்குழி இல்லாத சோதனையில் மாணவர் எல்லா இடத்திலும் ஒலி கேட்டதாகச் சொல்லித் தேறிவிடுவர்.

புதைத்தவரே தேடலாகாது. ஒருவர் புதைத்து, வரைபடத் தாளில் இடம் குறித்து, அத்தாளை மடித்து வைத்துக்கொள்ள, மற்றொருவர் தேட வேண்டும். சரியாகக் கண்டவை, தவறவிட்டவை, வெறுங்குழியில் கேட்டதாகச் சொன்னவை என மூன்றையும் தனித்தனியே எண்ணி எழுதுக. ஒருவருடைய செவி எவ்வளவு நம்பத்தக்கது என்பதை மூன்றாம் எண்ணிக்கை நன்கு காட்டும்.

செப்புக் கம்பி வளையத்தைக் கொண்டு ஆசிரியர் மற்றொரு சோதனையும் செய்யலாம். முனைகள் பற்றவைக்கப்பட்ட வளையத்தைச் சுருளுக்கு நேரே காட்டினால் ஒலி வலுவாக மாறும். அதே வளையத்தை ஓரிடத்தில் வெட்டி, முனைகள் தொடாதவாறு பிரித்துக் காட்டினால் மாற்றம் ஏறக்குறைய மறைந்துவிடும். செம்பின் அளவு குறையவில்லை. மின்னோட்டம் சுற்றிவரும் பாதைதான் அறுந்தது. சுழல் மின்னோட்டம் என்னும் பாடத்தை இதைவிடத் தெளிவாக விளக்குவது கடினம்.

ஆழத்தைக் குறித்து மிகையான எண்ணம் வேண்டாம். சிறு பொருளொன்று சுருளின் அகலத்தைவிடத் தொலைவில் இருக்கும்போது, தூரம் இருமடங்கானால் அதிலிருந்து திரும்பும் குறி ஏறத்தாழ 64இல் ஒரு பங்காகக் குறைகிறது. புலம் பொருளைச் சேரும்போது எட்டில் ஒரு பங்காகவும், திரும்பும்போது மீண்டும் எட்டில் ஒரு பங்காகவும் தேய்வதே காரணம். பழைய விம்மல் கருவி நாணயத்தை ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் உணர்த்தினால் அது நன்றாகவே உழைக்கிறது என்று கொள்ளலாம். பெரிய சுருள் பெரிய பொருளை அதிக ஆழத்தில் காணும். ஆனால் சிறு நாணயத்தைக் கோட்டைவிடும்.

சுருளைத் தரைக்கு இணையாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்து மெதுவாக வீச வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் பாதியை மூடிச் செல்ல வேண்டும். வீச்சின் இருமுனைகளிலும் கை தானாகவே உயர்ந்துவிடும். இப்பழக்கத்தை முதல் நாளே ஒழிக்காவிடில் பின்னர் ஒழிப்பது அரிது. ஒலி கேட்ட இடத்தில் கிழக்கு மேற்காக ஒரு முறையும், வடக்கு தெற்காக ஒரு முறையும் வீசி, ஒலி உச்சமாகும் கோடுகள் வெட்டும் இடத்தைக் குறித்துக்கொள்ளலாம். இரும்பை விலக்கும் குமிழ் உள்ள கருவியானால், தொடக்கத்தில் அதனைச் சுழியிலேயே வைத்திருப்பது நலம். அலுமினியத் தாளை விலக்கும் அளவுக்கு அதனை ஏற்றினால், மெல்லிய பொன் மோதிரமும் அதனோடு விலக்கப்பட்டுவிடும்.

மண்ணின் குரல்

பாத்தியில் நன்கு தேறியவர் வேறு ஊரில் தடுமாறுவதற்கு மண்ணே பெரும்பாலும் காரணம். பிரான்சிஸ் புகானன் மலபாரில் கண்டு, 1807இல் பெயரிட்டு எழுதிய செம்புரைக்கல், இரும்பு ஆக்சைடு செறிந்தது. தக்கணத்தின் கருங்கற்பாறைகளும், அவை சிதைந்து உண்டான கரிசலும் காந்தத் தன்மையுள்ள தாதுக்களைக் கொண்டவை. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இல்மனைட் கலந்த கரிய மணல் கிடைக்கிறது. இத்தகைய இடங்களில் நிலமே ஓர் உலோகப் பொருள்போல நடந்துகொள்ளும். உப்புநீர் ஊறிய மணல் மின்சாரத்தைக் கடத்துவதால் வேறு வகையில் தொல்லை தரும்.

இதனை அறிய எளிய வழி உண்டு. ஒன்றுமில்லை என்று தோன்றும் இடத்தில் சுருளைத் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை மெல்ல உயர்த்தித் தாழ்த்த வேண்டும். ஒலி மாறாவிடில் மண் சாதுவானது. மாறினால், அங்குச் சுருளை ஐந்து சென்டிமீட்டர் உயர்த்திப் பிடித்து, அவ்வுயரத்திலேயே குமிழைத் திருத்தி, உயரம் மாறாமல் வீச வேண்டும். ஆழம் சிறிது குறையும். பொய் ஒலிகள் பெரிதும் குறையும்.

குழாயும் மூடியும்

களப்பணியாளருக்கு இக்கருவியால் கிட்டும் அன்றாடப் பயன், சாலை மீண்டும் போடப்படும்போது மறைந்துபோன வால்வுப் பெட்டிகளின் இரும்பு மூடிகளைக் காண்பதே. வார்ப்பிரும்புக் குழாயையும் அரை மீட்டர் ஆழம் வரை பின்தொடரலாம். சாலைக்குக் குறுக்காகப் பலமுறை நடந்து, ஒலி உச்சமாகும் புள்ளிகளைச் சுண்ணாம்பினால் குறித்து இணைத்தால் குழாயின் பாதை கிடைக்கும். கல்நார் சிமெண்டுக் குழாயானால் கருவி மௌனமாயிருக்கும். ஆயினும் இரும்பு இணைப்புகள் போட்டுள்ள வரிசையில், குழாயின் நீளத்துக்கு ஒருமுறை ஒலி எழும். சம இடைவெளியில் வரும் அவ்வொலிகளே தக்க அடையாளம். பி.வி.சி. குழாயைக் காண இக்கருவி உதவாது. நில அளவைக் கற்கள் பொதுவாகக் கருங்கல்லாதலால் அவற்றையும் இது காட்டாது. தளத்தில் கான்கிரீட்டுக் கம்பிகள் இருந்தால் அவற்றின் ஒலி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். கார்ஃபீல்டின் மெத்தைக் கம்பிகளுக்கு இவை உறவினர்.

தோண்டுமுன்

கம்பி ஒன்று புதைந்திருப்பதைக் கருவி காட்டும். அதில் மின்சாரம் ஓடுகிறதா என்பதைக் காட்டாது. மின்வாரியத்தின் வரைபடத்தைப் பாராமல் தெருவோரத்தில் கடப்பாரை ஓங்குவது உயிரோடு விளையாடுவதாகும். துப்பாக்கி, பீரங்கிப் பயிற்சித் திடல்களின் சுற்றுப்புறங்களில் தேடவே கூடாது. வெடிக்காமல் மண்ணில் புதைந்த குண்டுகள் பல ஆண்டுகள் கழிந்தும் வெடிக்கும். உலோகத்துக்காக அவற்றைப் பொறுக்கியவர்கள் உயிரிழந்திருக்கின்றனர். கூர்முனையோ, சிறகோ, செப்பு வளையமோ கொண்ட உருளைப் பொருள் எங்கேனும் தென்பட்டால், அதனைத் தொடாமல், மாணவரை விலக்கி, இடத்தை அடையாளமிட்டு, காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.

பழமையான இடங்களில் இழப்பு வேறு வகைப்பட்டது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது, மண்ணடுக்குகளின் காலத்தை வரையறுக்க அவருக்கு உதவியவை இத்தாலியிலிருந்து வந்த செம்மெருகு மட்பாண்ட ஓடுகள். மட்பாண்டம் மீது எந்த உலோகங்காட்டியும் ஒலிக்காது. நாணயத்தின் ஒலியைப் பின்பற்றிக் குழி தோண்டுபவர் இத்தகைய ஓடுகளை மண்ணோடு வாரி எறிந்துவிடுவார். நாணயம் கையில் வந்து சேரும். அது எந்த அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பது மீளாதவாறு அழிந்துபோகும். 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் உரிமமின்றித் தோண்டுவது குற்றம். மேட்டு நிலங்களில் கறுப்பு, சிவப்பு ஓடுகள் சிதறிக் கிடந்தால், பாதுகாப்புப் பலகை இல்லாவிடினும் கருவியை நிறுத்திவிட்டுத் தொல்லியல் துறைக்கு எழுதுவதே முறை.

தோண்டத் தக்க இடத்திலும் களைக்கொத்தினால் ஓரத்திலிருந்து மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்து, எடுத்த மண்ணையும் சுருளின் கீழ் காட்டிப் பார்த்து, பொருளின் ஆழத்தை அளந்து குறித்த பின்னரே வெளியே எடுக்க வேண்டும். குழியை மீண்டும் மூடுவது நில உரிமையாளருக்குச் செய்யும் கடமை. அவரது அனுமதி முன்னரே பெற்றிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் மதிப்புள்ள எப்பொருளும் 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டத்தின்படி புதையலே. அதன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேற்பட்டால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு இயன்ற விரைவில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தமக்குரிய பங்கை இழப்பதோடு சிறைத்தண்டனைக்கும் ஆளாகலாம். பொருளின் தன்மை, அதன் அளவு அல்லது உத்தேச மதிப்பு, கிடைத்த இடம், கிடைத்த நாள் ஆகியவை அக்கடிதத்தில் இருக்க வேண்டும். இடத்தைக் குறிக்கும்போது ஊரின் பெயரோடு நிறுத்தாமல், புல எண்ணையும், அருகிலுள்ள கிணறு அல்லது எல்லைக் கல்லிலிருந்து நாடாவால் அளந்த தூரத்தையும், தரையிலிருந்து ஆழத்தையும் சேர்த்து எழுதுக. பொருளைத் தேய்த்துப் பளபளப்பாக்காமல், ஒட்டிய மண்ணோடு காகிதத்தில் சுற்றி ஒப்படைத்தால் போதும்.